ஒரு கரண்டி மார்மைட்

ரகு மாமா: தினேஷ், நீ வைத்துவிட்டுப் போன கறுப்பு பாட்டிலில் இருப்பது சாப்பிடுகிற பொருள்தானா? காலையில் ஒரு கரண்டி வாயில் போட்டேன். மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒருவழிக்கு வரவில்லை.

தினேஷ் அண்ணன்: கரண்டியா!!

தினேஷ் அண்ணன்: மாமா, அது மார்மைட். ரொட்டியில் தடவுவது. அதுவும் தடவினோமா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு.

ரகு மாமா: சாக்லேட் என்று நினைத்துவிட்டேன்.

லதா அத்தை: மூடியைத் திறந்ததுமே வேண்டாம் என்றேன். பார்த்தால் வண்டி மை, மோந்தால் காய்ந்துபோன சோயா சாஸ். உங்கள் மாமா கேட்டால்தானே?

வசந்தி பெரியம்மா: சின்ன வயதில் சோப்பைக் கடித்துப் பார்த்தவன்தான் அவன்.

ரகு மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: அப்பா, நீக்குவதற்குள் படித்துவிட்டேன் 😂

நான்: அண்ணா, எதில் செய்கிறார்கள் அதை?

தினேஷ் அண்ணன்: பீர் தயாரித்த பிறகு மிஞ்சுகிற ஈஸ்ட்டில். உப்பு சேர்த்து சூடாக்கினால் ஈஸ்ட் செல்கள் உடைந்து தாமாகவே கரையும். தோலை வடிகட்டிவிட்டு சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் இந்தப் பசை. 1902இல் இங்கிலாந்தில் பர்ட்டன் அபான் டிரென்ட் என்ற ஊரில் தொடங்கினார்கள். ஊர் முழுக்க பீர் ஆலை, ஈஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை.

வசந்தி பெரியம்மா: பீரா? காலங்காத்தாலயா ரகு?

தினேஷ் அண்ணன்: அம்மா, அதில் போதை எதுவும் கிடையாது.

வசந்தி பெரியம்மா: நான் உன்னைக் கேட்கவில்லை.

நான்: அட, இது எங்கள் பாடத்தில் வந்ததே! லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கிலேய டாக்டர், 1928இல் பம்பாய் வந்தவர். ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை. என்னென்னவோ கொடுத்துப் பார்த்து, கடைசியில் மார்மைட்தான் கேட்டது. 1931இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அதில் இருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று தெரியவந்தது.

கவிதா: மாசமாக இருந்தபோது எனக்குத் தினமும் கொடுத்த மாத்திரையா?

நான்: அதேதான்.

லதா அத்தை: மருந்து என்றால் சரி. மருந்து மாதிரிதான் இருக்கிறது.

தினேஷ் அண்ணன்: ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு பங்காளி உண்டு, வெஜிமைட். முதல் உலகப்போரில் மார்மைட் வரத்து தடைப்பட்டது. அப்புறம் 1923இல் அவர்களே ஒன்று செய்து விற்றார்கள். போணியாகவில்லை. 1928இல் பெயரை மாற்றி ‘பார்வில்’ என்றார்கள். மா மைட், பா வில். அம்மா ஒருவேளை செய்வாள், அப்பா கட்டாயம் செய்வார் என்று சிலேடை.

வசந்தி பெரியம்மா: அப்பா செய்வாராமா? அப்புறம் எப்படி விற்கும்?

தினேஷ் அண்ணன்: விற்கவில்லை அம்மா. 1935இல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள் 😄

கவிதா: சரி, நான் ஒன்று சொல்கிறேன், யாரும் திட்டக் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் தடவி, நடுவில் வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டு வைத்துச் சாப்பிடுவேன்.

லதா அத்தை: எத்தனை நாளாக நடக்கிறது இது?

கவிதா: காலேஜ் நாளிலிருந்து. வேர்க்கடலை மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும்போது அந்தப் புளிப்புத் தண்ணீர் வந்து கழுவிவிடும். ஒருதடவை செய்து பாருங்கள் அம்மா.

ரகு மாமா: நான் ரொட்டிக்கு நடுவில் சிப்ஸ் வைத்து உள்ளங்கையால் அழுத்துவேன். நொறுங்குகிற சத்தத்துக்காகவே.

நான்: 1861இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சமையல் நூலில் டோஸ்ட் சாண்ட்விச் இருக்கிறது மாமா. வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டிக்கு நடுவில் ஒரு டோஸ்ட். உப்பு, மிளகுத்தூள். நோயாளிகளுக்காம்.

லதா அத்தை: ரொட்டிக்குள் ரொட்டியா? எழுந்து ஓடட்டும் என்று கொடுத்திருப்பார்கள்.

தினேஷ் அண்ணன்: மாமா, இன்னொரு முறை முயற்சி செய்யுங்கள். ரொட்டியை நன்றாக வாட்டி, சூடு ஆறுவதற்குள் வெண்ணெய் தாராளமாக. அது உருகியதும் கத்தி முனையில் மிளகளவு மார்மைட் எடுத்து இழுத்துவிடுங்கள். பழுப்புக் கீற்றுக்கு நடுவில் ரொட்டி தெரிய வேண்டும்.

ரகு மாமா: பார்க்கலாம்.

(20 நிமிடம் கழித்து)

ரகு மாமா: சாப்பிட்டேன். வெண்ணெய் நன்றாக இருந்தது.

கவிதா: 😂😂

தினேஷ் அண்ணன்: அத்தை?

லதா அத்தை: சும்மா ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். இப்போது மூன்றாவது துண்டு வாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரகு மாமா: வண்டி மை என்றவள் இவள்தான்.

வசந்தி பெரியம்மா: லதா, பாட்டிலை மேல்தட்டில் வை. அவன் மறுபடி கரண்டியோடு வருவான்.

லதா அத்தை: அப்போதே வைத்துவிட்டேன் அண்ணி.