ஃபார்ம்ல வீட்டு மொழி தமிழ்னு எழுதினேன், பொண்ணை ஈஎஸ்எல்ல போட்டுட்டாங்க. தப்பு பண்ணிட்டேனா?

எடிசன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சென்னைலேருந்து நியூஜெர்சி வந்து நாலு மாசம்தான் ஆச்சு. பொண்ணு ஃபர்ஸ்ட் கிரேடு. அட்மிஷனப்போ ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, குழந்தை முதல்ல பேசின மொழி எது, வீட்டுல என்ன பேசுவீங்க, அந்த மாதிரி கேள்விங்க. நான் பாட்டுக்கு எல்லாத்துலயும் தமிழ்னு எழுதிட்டேன். ஒரு வாரத்துல தனியா கூட்டிட்டுப் போய் ஏதோ டெஸ்ட் வச்சு இப்ப லெட்டர் வந்திருக்கு, உங்க பொண்ணு மல்டிலிங்குவல் லேர்னர் (இங்கிலீஷ் இன்னும் கத்துக்கற குழந்தைன்னு அர்த்தமாம்), தினமும் 40 நிமிஷம் ஈஎஸ்எல் கிளாஸ், அதாவது வீட்டுல வேற மொழி பேசற பசங்களுக்கான தனி இங்கிலீஷ் கிளாஸ்னு. இவ யூகேஜி வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், ரைம்ஸ் எல்லாம் கடகடன்னு சொல்லுவா. என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல எல்லாரும் "யார் தமிழ்னு எழுதச் சொன்னா, இங்கிலீஷ்னு போட்டிருக்கணும்"ங்கறாங்களாம், அதுலேருந்து வீட்டுல எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே சரியில்ல. நிஜமாவே தப்பு பண்ணிட்டேனா?

ஃப்ரிஸ்கோ_ஃபாதர்:
ஆமா சிஸ்டர், தப்புதான். இந்த ஃபோரம்லயே பத்து தடவையாவது சொல்லிருப்பேன், எல்லா கேள்விக்கும் இங்கிலீஷ்னு போட்டுட்டு வெளிய வந்துடணும். ஒருதடவை உள்ள போனா சுலபத்துல வெளிய விட மாட்டாங்க, வருஷா வருஷம் டெஸ்ட், இங்க டெக்ஸஸ்ல டெல்பாஸ்னு ஒண்ணு, உங்க ஊர்ல ஆக்சஸ்னு பேர். மத்த பசங்க சயின்ஸ் பண்றப்ப நம்ம குழந்தையை மட்டும் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போய் "திஸ் இஸ் அ பென்சில்"னு சொல்லிக்குடுப்பாங்க. என் பையனுக்கு இங்கிலீஷ்னு போட்டேன், இப்ப ஃபிஃப்த் கிரேடு, ஜிடி ப்ரோக்ராம்ல, அதான் நல்லா படிக்கற பசங்களுக்கான ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்கான். வேற என்ன ப்ரூஃப் வேணும்?

பாரா_அக்கா:
நான் நார்த் கரோலினால ஒரு எலிமெண்டரி ஸ்கூல்ல ஈஎஸ்எல் பாராவா, அதாவது டீச்சருக்கு உதவியாளரா ஏழு வருஷமா வேலை பாக்கறேன், எச்4 விசாவுக்கு வேலை பர்மிட் (ஈஏடி) வந்த அப்புறம் கிடைச்ச முதல் வேலை, சம்பளம் பெருசா ஒண்ணும் இல்ல ஆனா விட மனசு வரல. முதல்ல எடிசன் அம்மா, நீங்க தப்பு எதுவும் பண்ணல. வீட்டுல பேசறது தமிழ், அதை எழுதினீங்க, அவ்ளோதான். அந்த ஃபார்ம் மட்டும் யாரையும் ஈஎஸ்எல்ல போடாது, அது டெஸ்ட் வைக்கறதுக்குத்தான் வழி, டெஸ்ட்ல நல்லா பண்ணா அப்படியே கிளாஸுக்கு அனுப்பிடுவாங்க.

ஃப்ரிஸ்கோ சார், "திஸ் இஸ் அ பென்சில்" நாங்க சொல்லிக்குடுக்கறதில்ல. முதல் வாரம் என்ன சொல்லிக்குடுப்போம் தெரியுமா, பாத்ரூம், தண்ணி, வலிக்குது, பஸ் நம்பர். இந்த நாலும் தெரியலன்னா குழந்தை படற பாடு இருக்கே. பாத்ரூம் போகணும்னு கேக்கத் தெரியாம நாற்காலிலயே போயிட்டு அசையாம உக்காந்திருந்த குழந்தையை நான் பாத்திருக்கேன், அதுவும் நம்ம ஊர்க் குழந்தை, அதுவும் இங்கிலீஷ் மீடியம்தான். ரைம்ஸ் வேற, எழுந்து நின்னு ஒரு பெரியவங்ககிட்ட கேக்கறது வேற.

ஃப்ரிஸ்கோ_ஃபாதர்:
அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, அது உங்க வேலை, அதை நீங்க விட்டுக்குடுக்க மாட்டீங்க. ஆனா உண்மையைச் சொல்லுங்க, சயின்ஸ் பீரியட்ல கூட்டிட்டுப் போறது உண்டா இல்லையா?

பாரா_அக்கா:
உண்டு. அதை மறைக்கல. எங்க டீச்சர் ஒருத்தங்களுக்கு 60 பசங்களுக்கு மேல, ரெண்டு ஸ்கூலுக்கு மாறி மாறி போகணும், டைம்டேபிள்ல எங்க ஓட்டை கிடைக்குதோ அங்கதான் கூப்பிட முடியும், மேத்ஸையும் ரீடிங்கையும் தொடக்கூடாதுனு சொல்லிடுவாங்க, அப்ப மிச்சம் சயின்ஸும் சோஷியலும்தான். இன்னொண்ணையும் நானே சொல்லிடறேன், ஜனவரி பிப்ரவரில ஆக்சஸ் டெஸ்ட் வந்தா வாரக்கணக்கா எங்க கிளாஸே நடக்காது, எல்லாரும் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு சார்ஜர் தேடிட்டு திரிவோம். ஆறு வயசுக் குழந்தை ஸ்க்ரீனைப் பாத்து தனியா பேசணும், பக்கத்துல நிக்கற நான் ஒரு வார்த்தை எடுத்துக்குடுக்கக் கூடாது. அந்த முறை எனக்கும் பிடிக்காதுதான்.

ஆனா இதுக்கு பதில் ஃபார்ம்ல பொய் எழுதறது இல்ல. நேரத்தை மாத்துங்கன்னு ஸ்கூல்கிட்ட போய் கேக்கறது.

தொண்ணூறு_கிட்:
வாய்ஸ்ல டைப் பண்றேன், என் தமிழ்ல தப்பு இருந்தா மன்னிக்கவும். நான் அந்தக் குழந்தையா இருந்தவன். 1996ல கோயம்புத்தூர்லேருந்து கலிஃபோர்னியா, எனக்கு ஏழு வயசு. தினமும் டீச்சர் என் பேரைத் தப்பா கூப்பிடுவாங்க, நான் எழுந்து போவேன், மொத்த கிளாஸும் பாக்கும். போற இடம் ஒரு ஸ்டோர் ரூம் மாதிரி. அடுத்த ரூம்ல ஸ்பானிஷ் பசங்களுக்கு ஸ்பானிஷ்லயே பாடம் நடந்துட்டு இருந்துச்சு, 1998ல பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான்னு 227னு ஒரு சட்டத்தை ஓட்டுப் போட்டு கொண்டு வந்தாங்க, அதோட அதுவும் போச்சு, அந்தப் பசங்களும் என்கூட வந்து முழிச்சாங்க. 2016ல 58னு இன்னொண்ணு வந்துதான் அதை மாத்துச்சு, அதுக்குள்ள நான் காலேஜே முடிச்சுட்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த டீச்சர் எங்கம்மாவைக் கூப்பிட்டு வீட்டுல இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க, அப்பதான் பையன் முன்னுக்கு வருவான்னு சொன்னாங்க. அம்மா பயந்துபோய் அன்னைக்கே தமிழை நிறுத்திட்டாங்க. அவங்களுக்கே அப்ப இங்கிலீஷ் சரியா வராது. ஆக ரெண்டு மூணு வருஷம் எங்க வீட்டுல சாப்பிட்டியா தூங்கினியாவுக்கு மேல பேச்சே கிடையாது. ஊருக்குப் போனா பாட்டி பேசறது பாதி புரியும், பதில் சொல்ல வராது. அதனால ஈஎஸ்எல்னாலே எனக்கு எரிச்சல்தான்.

பாரா_அக்கா:
தம்பி இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். அந்த டீச்சர் சொன்னது தப்பு, சுத்தத் தப்பு. எங்க ட்ரெயினிங்ல சொல்றது இதுக்கு நேர் எதிர், வீட்டு மொழி நல்லா இருந்தாதான் ரெண்டாவது மொழியும் ஊனும்னு. பேரன்ட்ஸ் மீட்டிங்ல யாராவது பழைய டீச்சர் அந்த மாதிரி ஆரம்பிச்சா எங்க டீச்சர் குறுக்க பூந்து தடுத்துடுவாங்க. எடிசன் அம்மா, யார் சொன்னாலும் தமிழை நிறுத்தாதீங்க, ராத்திரி கதை தமிழ்லயே சொல்லுங்க.

ஸ்கார்பரோ_பொடியன்:
நான் டொராண்டோ பக்கம், ஸ்கார்பரோ. நீங்கள் எல்லாரும் யூகேஜி முடிச்சு பிளேன்ல வந்த பிள்ளையளுக்காகச் சண்டை பிடிக்கிறியள், எங்கட கதை வேற. 95ல யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிட்டு வன்னி, பிறகு கொழும்பு, 97ல இஞ்ச வந்தனாங்கள். தம்பிக்கு ரெண்டு வருசம் ஒழுங்கான பள்ளிக்கூடமே இல்லை. இஞ்ச வயசைப் பாத்துத்தான் வகுப்பு, நேர மூண்டாம் வகுப்பில கொண்டுபோய் இருத்திப்போட்டினம், அவனுக்குத் தமிழே எழுதத் தெரியாது. ஒண்டாரியோவில இப்பிடி படிப்பு இடையில விட்டுப்போன பிள்ளையளுக்கு ஈஎல்டி எண்டு தனியா ஒண்டு இருக்கு, அவன் அதாலதான் தப்பினவன். பிளேன் சத்தம் கேட்டா மேசைக்குக் கீழ போயிருவான், அந்த ரூமில இருந்த மிஸ் ஒண்டும் கேக்காமல் தானும் கீழ இருந்து புத்தகம் வாசிச்சுக் காட்டுவா. இண்டைக்கும் அவன் அந்த மிஸ்ஸைப் பற்றிக் கதைப்பான். லேபிள், லேபிள் எண்டுறியள், லேபிள் இல்லாட்டி அவனை மக்கு எண்டு மூலையில இருத்தியிருப்பினம்.

ஃப்ரிஸ்கோ_ஃபாதர்:
ப்ரோ உங்க தம்பிக்கு அது தேவை, நான் மறுக்கல. நான் சொல்றது ஏற்கனவே ஹாரி பாட்டர் படிக்கற குழந்தையை ஏன் அதே குட்டைல தள்ளணும்ங்கறதுதான். கவர்ன்மென்ட் காசுக்காக ஸ்கூல் எண்ணிக்கையை ஏத்துது, அவ்ளோதான் மேட்டர்.

பாரா_அக்கா:
ஹாரி பாட்டர் படிக்கற குழந்தை ஸ்க்ரீனர்லயே வெளிய வந்துடும் சார், அதுக்குத்தான் டெஸ்ட். காசைப் பத்தி சொல்றீங்க, எனக்கு மார்க்கர் வாங்க என் காசுதான் போகுது, அந்த எக்ஸ்ட்ரா காசு எங்க இருக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க.

இது யாரோ ஆபீஸர் இஷ்டத்துக்கு பண்றது இல்ல. சான்ஃபிரான்சிஸ்கோல சைனீஸ் குடும்பத்துப் பசங்க ஆயிரத்து எண்ணூறு பேர் வரைக்கும் ஒண்ணும் புரியாம கிளாஸ்ல உக்காந்திருந்தாங்க, கேஸ் போட்டாங்க, 1974ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, லாவ் கேஸ்னு சொல்வாங்க. ஒரே புஸ்தகம் ஒரே டீச்சர் குடுத்துட்டா சமமா நடத்தினதா ஆகாது, மொழி புரியாத குழந்தைக்கு உதவி பண்ணியே ஆகணும்னு எல்லா ஜட்ஜும் ஒண்ணா சொன்னாங்க. அதுலேருந்து வந்ததுதான் இந்த ஃபார்ம், டெஸ்ட் எல்லாம்.

ஃபார்ம்ல தப்பா எழுதினா என்ன ஆகும்னு ரெண்டு கதை சொல்றேன். போன வருஷம் குவாட்டமாலாலேருந்து ஒரு பையன், ஆபீஸ்ல அவங்களே ஸ்பானிஷ்னு டிக் பண்ணிட்டாங்க. ஸ்பானிஷ் தெரிஞ்ச டீச்சர் என்ன கேட்டாலும் பையன் பேந்தப் பேந்த முழிக்கறான். காது கேக்கலியோன்னு நர்ஸ்கிட்ட அனுப்பினாங்க. மூணு வாரம் கழிச்சு அவங்க மாமா வந்தப்பதான் தெரிஞ்சுது வீட்டுல பேசறது மாம்னு ஒரு மொழி, மாயன் ஜனங்களோடது, ஸ்பானிஷுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொரு கதை நம்மாளு, அப்பா ஃபார்ம்ல "இந்தியன்"னு எழுதிட்டுப் போயிட்டார், ஸ்கூல் ஃபோன்ல இந்தி இன்டர்ப்ரெட்டரைப் போட்டுக் குடுக்குது, மறுமுனைல மதுரைக்கார அம்மா "ஹலோ ஹலோ"ங்கறாங்க. என்னைக் கூப்பிட்டுதான் சரி பண்ணாங்க.

தொண்ணூறு_கிட்:
😂 இந்த இந்தி கதை 1996லயும் நடந்துச்சு.

எடிசன்_அம்மா:
அக்கா இன்னொரு கவலை. இவ கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கறாளாம். வீட்டுல வாய் ஓயாது. டீச்சர் "ஷீ டஸின்ட் ஸ்பீக் அட் ஆல்"னு மெயில் பண்ணிருக்காங்க. கேள்வி கேட்டா தலையை ஆட்டறா, ஆனா என்ன சொல்றான்னு புரியலன்னு எழுதிருக்காங்க.

பாரா_அக்கா:
ஹாஹா அந்தத் தலையாட்டல்! நம்ம பசங்க "சரி"ங்கறதுக்கு பக்கவாட்டுல ஆட்டுவாங்க, அமெரிக்க டீச்சருக்கு அது "இல்ல". எங்க ஜிம் சார் ஒரு மாசம் ஒரு பொண்ணுக்கு பந்தே குடுக்கல, வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு தலையாட்டறாளேன்னு. டீச்சருக்கு இதை ஒரு வரி மெயில் போட்டுடுங்க.

பேசாம இருக்கறதுக்கு பயப்படாதீங்க, புது மொழிக்குள்ள வர்ற நிறைய குழந்தைங்க கொஞ்ச மாசம் அப்படித்தான், உள்ள வாங்கிட்டே இருக்கும். எங்ககிட்ட ஒரு பையன் மூணு மாசம் ஒரு சொல் பேசல. ஒருநாள் லஞ்ச் லைன்ல ஓடி வந்து என் கையைப் பிடிச்சு "மிஸ்! ஹீ கட் மீ!"ன்னான். எனக்கு உயிரே போச்சு, எங்க ரத்தம்னு கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், அவன் கோவமா முன்னாடி நிக்கற பையனைக் காட்டறான். லைன்ல குறுக்க பூந்துட்டானாம், அதுக்கு இங்க பசங்க "கட்"னு சொல்வாங்க. முதல் வாக்கியமே கம்ப்ளெயின்ட். அன்னைக்கு அவனுக்கு ஸ்டிக்கர் குடுத்தேன், குறுக்க வந்தவனும் எனக்கும் குடுன்னு வந்து நிக்கறான்.

டெஸ்ட்ல ஏன் போச்சுன்னும் கேளுங்க, லிஸனிங் ஸ்பீக்கிங் ரீடிங் ரைட்டிங் நாலுக்கும் தனித்தனி மார்க் இருக்கும். நம்ம ஊர்லேருந்து வர்ற பசங்க இங்கிலீஷ் கடைசி லெட்டரை "ஸெட்"ம்பாங்க, இங்க "ஸீ", லெட்டர் பேர் சொல்ற டெஸ்ட்ல அதைத் தப்புனு போட்டுட்டாங்க ஒருத்தனுக்கு, நான் போய்ச் சண்டை போட்டேன். அழிரப்பருக்கு "ரப்பர்"ம்பாங்க. ஃபிஃப்த் கிரேடு பசங்க விழுந்து விழுந்து சிரிப்பானுங்க, அமெரிக்கால அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற, என்னன்னு இங்க எழுத மாட்டேன்.

ஃப்ரிஸ்கோ_ஃபாதர்:
இதெல்லாம் ரெண்டு மாசத்துல தானா சரியாகிடும். இதுக்குப் போய் நாலஞ்சு வருஷம் லேபிள் எதுக்கு?

பாரா_அக்கா:
பேச்சு சரியாகிடும் சார். டொராண்டோ பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் 1979லயே பேச்சு மொழி வேற பாட மொழி வேறன்னு பிரிச்சுச் சொன்னார், அப்புறம் வந்த ஆராய்ச்சில விளையாடற பேச்சு ரெண்டு வருஷத்துல வந்துடும், பாடப் புஸ்தக மொழிக்கு அஞ்சுலேருந்து ஏழு வருஷம் ஆகலாம்னு. நான் கண்ணால பாக்கறது அதான். செகண்ட் கிரேடு வரைக்கும் பொளந்து கட்டுற பசங்க தேர்ட்ல வேர்ட் ப்ராப்ளம் வந்ததும் நின்னுடறாங்க. "ஹவ் மெனி மோர்"னு இருந்தா கூட்டிடறாங்க, மோர்னா அதிகம்தானேன்னு. கழிக்கத் தெரியாம இல்ல, கேள்வி புரியல. ஈஎஸ்எல் லிஸ்ட்ல இருக்கற குழந்தைன்னா டீச்சர் முதல்ல மொழியைப் பாப்பாங்க. ஃபார்ம்ல இங்கிலீஷ்னு போட்ட ஒரு வீட்டுப் பையனுக்கு லேர்னிங் டிசபிலிட்டியான்னு டெஸ்ட் வரைக்கும் போச்சு, அந்த அம்மா என் முன்னாடி உக்காந்து அழுதாங்க, வீட்டுல தெலுங்குதான் பேசறோம், பயந்துட்டு எழுதலன்னு.

நீங்க நிஜமா வீட்டுல இங்கிலீஷ்தான் பேசறீங்கன்னா இங்கிலீஷ்னே எழுதுங்க, அது உங்க உண்மை. ஜிடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஈஎஸ்எல்ல இருக்கறதாலயே ஜிடில சேக்க மாட்டோம்னு சொல்லக்கூடாது. சொன்னா எழுத்துல கேளுங்க.

எடிசன் அம்மா, வேண்டாம்னா கிளாஸை மறுக்கவும் உரிமை உண்டு. ஆனா லேபிள் போகாது, வருஷா வருஷம் டெஸ்டும் எழுதணும். உதவி மட்டும்தான் போகும். அதனால மறுக்காதீங்க, போய்ப் பேசுங்க.

ஃப்ரிஸ்கோ_ஃபாதர்:
இதைத்தான் நானும் சொன்னேன், உள்ள போனா வெளிய விட மாட்டாங்கன்னு.

ஸ்கார்பரோ_பொடியன்:
அண்ணை நீங்கள் மாறவே மாட்டியள் 😄

எடிசன்_அம்மா:
மூணு வாரம் கழிச்சு வரேன், சாரி. ஈஎஸ்எல் டீச்சரைப் போய்ப் பாத்தேன். மார்க் ஷீட் காட்டினாங்க, லிஸனிங்லயும் ரீடிங்லயும் நல்லாவே வாங்கிருக்கா, ஸ்பீக்கிங்லதான் அதலபாதாளம், தெரியாத ஆள்கிட்ட வாயைத் திறக்கல. 40 நிமிஷம் சயின்ஸ்ல போறதை மாத்த முடியுமான்னு கேட்டேன், மூணு நாள் டீச்சரே கிளாஸுக்குள்ள வந்து இவ க்ரூப்போட உக்காருவாங்களாம், ரெண்டு நாள் மட்டும் வெளிய, அதுவும் மார்னிங் மீட்டிங் நேரத்துல. தலையாட்டலைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வெளிய கூட்டிட்டுப் போற ரூம்ல இவளோட ஒரு உக்ரைன் பொண்ணும் ஒரு பிரேசில் பையனும், மூணு பேரும் சேர்ந்து ஏதோ மொழில பேசிக்கறாங்க, அது எந்த நாட்டு மொழின்னு எனக்கே தெரியல. வீட்டுல அவர் இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா சண்டை நின்னுடுச்சு.

ஃப்ரிஸ்கோ_ஃபாதர்:
நல்லது சிஸ்டர். என் கருத்துல மாற்றம் இல்ல.

பாரா அக்கா, ஒரு சின்ன டவுட். சின்னவளுக்கு கிண்டர் ரிஜிஸ்ட்ரேஷன், ஃபார்ம் கைல இருக்கு. எங்கம்மா ஊர்லேருந்து வந்து ஆறு மாசமா இங்கதான் இருக்காங்க, சின்னவ முழு நேரமும் அவங்ககூடதான், இங்கிலீஷ்ல கேட்டாலும் தமிழ்லதான் பதில் சொல்றா. வீட்டுல அதிகம் பேசற மொழிங்கறதுல பாட்டி பேசறதும் கணக்கா?

பாரா_அக்கா:
கணக்குதான் சார்.