மலைக்கௌதாரி: பட்டியலில் பேரினம் மாறியது ஏன்? அருணாசலத்தில் நான்கையும் பிரிப்பது எப்படி?

செங்காந்தள்

வணக்கம். ஏப்ரலில் அருணாசலத்தின் ஈகிள்நெஸ்ட் சரணாலயத்துக்குப் போகிறோம். இரண்டு சந்தேகம்.

ஒன்று, பழைய பறவைக் கையேட்டில் ஆர்போரோஃபிலா (மலைக்கௌதாரிப் பேரினம்) என்று இருந்த தாய்லாந்து, மலேசியக் கௌதாரிகள் சில இப்போது டிராபிகோபெர்டிக்ஸ் என்ற வேறு பேரினத்தில் வருகின்றன. உருவத்தில் ஒரே மாதிரிதானே இருக்கின்றன, எதற்காகப் பிரித்தார்கள்? நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சுண்டங்கோழியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதானா?

இரண்டு, அருணாசலத்தில் நான்கு மலைக்கௌதாரி உண்டு என்கிறார்கள். குரலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். எதை வைத்து உறுதி செய்வது?

கூழாங்கல்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

கௌதாரி என்பது உடல்வாகுக்கான பெயர், உறவுமுறை கிடையாது. குட்டை வால், உருண்டை உடம்பு, சருகு நிறம். இந்த வாகு கோழிக் குடும்பத்தில் பல கிளைகளில் தனித்தனியாக உண்டு. வயல்வெளிக் கௌதாரி (புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய பாண்டிசெரியானஸ்) காட்டுக்கோழிக்கு நெருங்கிய சொந்தம். வடகிழக்கு மூங்கில் கௌதாரியும் அந்தப் பக்கம்தான். ஐரோப்பியக் கௌதாரியான பெர்டிக்ஸ், ஃபெசன்ட் எனும் நீண்ட வால் காட்டுப்பறவைகளின் பக்கம். சுண்டங்கோழியோ மயில்-ஃபெசன்டுக்கும் போர்னியோவின் செந்தலைக் கௌதாரிக்கும் உறவு. ஆகவே அது மலைக்கௌதாரி இல்லை. இந்தியாவில் விந்திய மலைக்குத் தெற்கே ஆர்போரோஃபிலா ஒன்றுகூடக் கிடையாது. இலங்கையிலும் இல்லை, அங்கே இருப்பது அத்தீவுக்கே உரிய சுண்டங்கோழி.

ஆர்போரோஃபிலா இருப்பது ரோலுலினே என்ற துணைக்குடும்பத்தில். கோழிக் குடும்பத்தின் மற்ற எல்லாக் கிளைகளுக்கும் முன்பே பிரிந்த கிளை இது. இதே கிளையில் கொண்டைக் கௌதாரி ரோலுலஸ், மலேசியப் பகுதியின் கருங்கௌதாரி, காலோபெர்டிக்ஸ் ஆகியவை உண்டு. கூடவே ஆசியாவை விட்டு எங்கோ தள்ளி, தான்சானியாவின் உட்சுங்வா மலையில் செனோபெர்டிக்ஸ். 1991இல் ஆய்வாளர்கள் அதை முதலில் கவனித்தது சமையல் பானைக்குள் கிடந்த பறவைக் கால்களைப் பார்த்துத்தான்!

டிராபிகோபெர்டிக்ஸ் 1859இல் பறவையியலாளர் பிளைத் வைத்த பேரினம். பின்னால் ஆர்போரோஃபிலாவோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது தவறு என்பதற்கு உடலிலேயே அடையாளம் இருந்தது. ஆர்போரோஃபிலாவுக்குக் கண்குழியின் மேல்விளிம்பில் சிறு எலும்புத் துண்டுகள் சங்கிலிபோல வரிசையாக இருக்கும், டிராபிகோபெர்டிக்ஸுக்கு அது கிடையாது. அதற்குப் பதில் சிறகுக்கு அடியில், விலாவின் பின்பக்கம், வெண்மையான பஞ்சுத் தூவல் திட்டு ஒன்று உண்டு. 1982இல் டேவிசன் என்ற ஆய்வாளர் இந்த வேறுபாடுகளை எழுதினார். பல மரபணுக்களை ஒப்பிட்ட 2015 ஆய்வு, மயில், ஆர்கஸ் ஃபெசன்ட் இருக்கும் பெருங்கிளையின் பக்கம் அதைக் கொண்டுபோய் வைத்தது. குளோரோபஸ், சார்ல்டோனி, போர்னியோவில் சபாவின் கிரேடோனி ஆகிய மூன்று இனங்களும் அப்படித்தான் ஆர்போரோஃபிலாவிலிருந்து வெளியேறின.

மீதி ஆர்போரோஃபிலாவில் ஏறக்குறைய 19 இனங்கள். எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் ஒன்றிரண்டு மாறும். ஜாவாவின் ஓரியென்டாலிஸ் இனத்துக்குள் அடங்கியிருந்த சுமத்ரா, மலாயா வடிவங்களைத் தனி இனமாக்கியது பெரும்பாலும் இறகு நிறத்தை வைத்து. கம்போடியானா, டைவெர்சா என்ற இரண்டு வடிவங்களும் ஒரே இனமா இரண்டா என்பதிலும் இழுபறி உண்டு. மலைக்கு ஒன்றாகத் தனித்துப்போன பறவைகளில் இது தீராத வழக்கு. ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு கூட்டம் கலக்குமா என்று எப்படிச் சோதிப்பது?

தினைப்புனம்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். குரல் முக்கியம்தான், ஆனால் முதலில் உயரத்தைப் பாருங்கள். ஈகிள்நெஸ்ட் முகாம்களில் லாமா கேம்ப் சுமார் 2,350 மீட்டர், பொம்பு 1,940, செஸ்னி 1,250. நான்கு இனங்களில் டார்குயோலா பொதுவாக 1,500க்கு மேல், ஓக், ரோடோடென்ட்ரான் காட்டில். செந்தொண்டை ரூஃபோகுலாரிஸ் 600 முதல் 1,800 வரை. வெண்கன்னத்து அட்ரோகுலாரிஸ் அடிவாரத்து ஈரக்காடு, மூங்கில் புதர், பெரும்பாலும் 750க்குக் கீழே. செம்மார்பு மாண்டெல்லி 350 முதல் 2,500 வரை எங்கும் வரலாம், அதனால் அதற்கு உயரம் உதவாது.

சிக்கல் வருவது 1,500 முதல் 1,800 வரை, முதலிரண்டும் சந்திக்கும் இடத்தில். டார்குயோலா ஆண் என்றால் பிரச்சினை இல்லை: செம்பழுப்பு உச்சி, கறுப்புத் தொண்டையில் வெள்ளைக் கீற்று, அதன் கீழ் வெள்ளைப் பட்டை. இந்தப் பேரினத்தில் ஆணும் பெண்ணும் வழக்கமாக ஒன்றுபோலத்தான் இருக்கும், இது விதிவிலக்கு. இதன் பெண்ணுக்குத் தொண்டை செந்நிறம், அதில் கரும்புள்ளி. அதைப் பார்த்ததும் செந்தொண்டை என்று எழுதிவிடுகிறார்கள். தொண்டையை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். டார்குயோலா முதுகில் கறுப்புப் பிறைகள் செதில் செதிலாக இருக்கும். செந்தொண்டையின் முதுகு கோடே இல்லாத வெறும் ஆலிவ் பழுப்பு. அடுத்து கால்: டார்குயோலாவுக்குச் சாம்பல், செந்தொண்டைக்குச் சிவப்பு. இமயமலைச் செந்தொண்டையில் கழுத்துச் சிவப்பையும் மார்புச் சாம்பலையும் ஒரு மெல்லிய கருங்கோடு பிரிக்கும்.

மாண்டெல்லியைக் கண்ணால் பார்த்துவிட்டால் குழப்பமே வராது. அடர் செம்மார்பு, அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கழுத்துமாலை.

குரல்: டார்குயோலா நீண்ட சோகமான ஒற்றைச் சீழ்க்கை, நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான். அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே போகும் இரட்டைச் சீழ்க்கைகள் வரலாம். செந்தொண்டை தொடக்கத்திலிருந்தே இரட்டை: முதல் சுரம் நீளம், இரண்டாவது குட்டை, விடாமல் அடுக்கிக்கொண்டே மேலேறும். அட்ரோகுலாரிஸ் வேகம் கூடிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும். மாண்டெல்லியின் குரலில் 'ப்ர்ர்ர்' என்ற அதிர்வு இருக்கும்.

தூரத்தில் செந்தொண்டையின் குட்டைச் சுரம் காதில் விழாமல் போனால் டார்குயோலா மாதிரியே கேட்கும். ஒரே ஒரு சீழ்க்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், குறைந்தது இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். டார்குயோலா ஜோடி சேர்ந்தும் பாடும், பெண் வேகமாக 'க்விக் க்விக்' என்று இடையில் சேரும். பதிவை ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியைப் படமாகக் காட்டும் வரைபடம்) போட்டால் ஆண், பெண் இரண்டு குரலும் தனித்தனியாகத் தெரியும்.

செங்காந்தள்

இருவருக்கும் நன்றி. இன்னொன்று: கேமரா டிராப்பில் (காட்டில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா) அந்தி நேரத்தில் விழுந்த கறுப்பு-வெள்ளைப் படத்தை வைத்து இனம் சொல்லலாமா?

தினைப்புனம்

பெரும்பாலும் முடியாது. அகச்சிவப்பு ஒளியில் கால் நிறம், தொண்டைச் சிவப்பு எல்லாம் போய்விடும். மிஞ்சுவது வடிவ அடையாளம் மட்டும்: முதுகில் பிறை இருக்கிறதா, கழுத்துமாலை இருக்கிறதா, கன்னம் வெளுத்திருக்கிறதா. அதுவும் தெளியாவிட்டால் பேரின அளவிலேயே பதிந்துவிடுங்கள். தப்பான இனப்பெயரைவிட அது மேல்.

புலிக்காக முழங்கால் உயரத்தில் கட்டிய கேமராவின் உணர்பரப்பு, பக்கத்தில் நடக்கும் 28 செ.மீ. பறவையின் தலைக்கு மேலேயே போய்விடும். தரையிலிருந்து 25-30 செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாகக் கட்டுங்கள். முன்னால் ஆடக்கூடிய செடியை மட்டும் விலக்குங்கள். சருகைக் கூட்டித் தள்ளிவிட்டால் இரை தேடிக் கிளற வரும் பறவை அங்கே நிற்காது.

கூழாங்கல்

ஒரு வேண்டுகோள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை டார்குயோலாவின் இனப்பெருக்கக் காலம். தவிர, குரல் கேட்டால் பதில் கொடுக்காமல் சத்தமின்றி நெருங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிற வழக்கமும் இவற்றுக்கு உண்டு. பதில் இல்லையே என்று நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பீர்கள், அது உங்கள் காலடியில் புதருக்குள் நிற்கும்.