உடம்பில் கீறல் இல்லை, உள்ளே உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கிழிந்திருந்தது

கோத்தகிரி உறுப்பினர்:

என் தம்பி கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்போது, ஒரு வளைவில் பிக்கப் தடுப்புச் சுவரில் மோதியது. ஸ்டியரிங் வயிற்றில் பலமாக அழுந்தியிருக்கிறது. ஆனால் ரத்தம் வரவில்லை, தானே இறங்கி நடந்தான். "சூடா ஒரு டீ குடி, சரியாயிடும்" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

கொஞ்ச நேரத்தில் இடது தோள் வலிக்கிறது என்றான். தோளில் அடியே படவில்லை. படுக்க வைத்தால் மூச்சு திணறியது, உட்கார்ந்தால் பரவாயில்லை. 108 ஊழியர் இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் சொன்னார். அவரை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

எக்ஸ்ரேயில் இடது நெஞ்சுக்குள் காற்று தெரிந்தது. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்று என்று நினைத்து, நெஞ்சில் குழாய் போடத் தயாரானார்கள். பெரிய சர்ஜன் வந்து அதை நிறுத்தினார். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் இறக்கி மறுபடி படம் எடுக்கச் சொன்னார். வயிற்றில் இருக்க வேண்டிய டியூப் நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது! உதரவிதானம் கிழிந்து, இரைப்பையே அந்தக் கிழிசல் வழியாக மேலே ஏறியிருந்தது. முதலில் நினைத்தபடி குழாயைச் செருகியிருந்தால் இரைப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

உடனே ஆபரேஷன். வயிற்றைத் திறந்து, இரைப்பையையும் குடலையும் கீழே இறக்கி, கிழிசலைக் கரையாத நூலால் தைத்தார்கள். மண்ணீரல் தப்பியது.

குன்னூர் செவிலியர்:

வயிற்றில் திடீரென்று அழுத்தம் ஏறினால் உதரவிதானம் கிழியலாம். வலப்பக்கத்தைக் கல்லீரல் காப்பதால் இடப்பக்கம்தான் அதிகம் பார்ப்போம். டிராக்டருக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிய ஒரு தோட்டத் தொழிலாளி, காயம் இல்லையே என்று ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டதும் நெஞ்சு அடைப்பு, அவர் அதை அல்சர் என்று நினைத்தார். கடைசியில் வாந்தி நிற்காமல் எங்களிடம் வந்தார். கிழிசலில் குடல் மாட்டி ரத்த ஓட்டம் நின்று, ஒரு பகுதி அழுகிவிட்டது. அதை வெட்டி எடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள்.

கூடலூர் உறுப்பினர்:

செலவு எப்படிச் சமாளித்தீர்கள் அண்ணா?

கோத்தகிரி உறுப்பினர்:

சாலை விபத்து என்பதால் 2021இல் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் 48 மணி நேரத்துக்கு எங்களிடம் பணம் கேட்கவில்லை. அப்புறம் முதல்வர் காப்பீட்டு அட்டை உதவியது. தம்பி இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறான், மூட்டை தூக்க மட்டும் நான் விடுவதில்லை.