அம்மப்பாவின் பெட்டிக்குள் ஒரு தாடிக்காரர், யார் இவர்?

கனகராயன்ஆறு:
வணக்கம். எங்கள் அம்மப்பா அப்போதிக்கரி, அதாவது டொக்டருக்கு அடுத்த நிலையில் வைத்தியம் பார்த்தவர், தாதிய மாணவருக்கும் கொஞ்சக் காலம் படிப்பித்தவர். அதற்கு வைத்திருந்த எலும்புப் படங்கள், ஒரு மண்டையோடு, சிலைட் பெட்டி எல்லாம் வவுனியாவில் பெரியம்மா வீட்டில் தகரப் பெட்டிக்குள் கிடந்ததால் தப்பிவிட்டன, கிளிநொச்சி வீட்டில் இருந்தது ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டிக்குள் பிரேம் போட்ட ஒரு படமும் இருக்கிறது. கூர்தாடி வைத்த வெள்ளைக்காரர், கீழே 'குலியெல்முஸ் ஹார்வெயுஸ்' என்று எழுத்து. இடது மூலையில் 'பின்க்ஸ்', வலதில் 'ஸ்கல்ப்', பக்கத்தில் இருந்த பெயர்களைக் கறையான் தின்றுவிட்டது. இது பல லட்சம் போகும், கழற்றித் துடைத்துப் புதுப் பிரேம் போடுவோம் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார்.

பழையதாள்:
முதலில் மாமாவைப் பிடித்து நிறுத்துங்கள். ஈரத்துணி கிட்டவும் வரக்கூடாது, செலோடேப்பும் ஒட்ட வேண்டாம். அந்தப் பெயர் லத்தீன், ஆள் வில்லியம் ஹார்வி (1578–1657). இரத்தம் ஈரலில் ஊறி ஊறி உடம்பில் செலவாகிப் போகிறது என்று பழைய கிரேக்க வைத்தியர் கேலன் காலத்திலிருந்து நம்பியிருந்தார்கள், இவர் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதயம் அரை மணித்தியாலத்தில் தள்ளுவதே உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தையும் விடக் கூட, அவ்வளவையும் ஈரல் எப்படி ஊறவைக்கும், ஆகவே அது சுற்றித்தான் வர வேண்டும் என்று 1628 இல் புத்தகம் போட்டார். 'பின்க்ஸ்' என்றால் ஓவியத்தைத் தீட்டியவர், 'ஸ்கல்ப்' என்றால் அதைப் பார்த்துத் தகட்டில் செதுக்கியவர். செப்புத் தகட்டை ஈரத் தாளில் வைத்து அழுத்தும்போது படத்தைச் சுற்றி ஒரு பள்ளமான விளிம்பு விழும், அது இருக்கிறதா? அப்புறம் பூதக்கண்ணாடியால் கன்னத்து நிழலைப் பாருங்கள், கோடா புள்ளியா என்று சொல்லுங்கள்.

மாங்குளத்துத்தாதி:
விலை கிடக்கட்டும் தம்பி, அம்மப்பா அதை ஏன் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது. இரத்தம் எடுக்கக் கையில் பட்டி கட்டினால் நரம்பு புடைத்து இடையிடையே முடிச்சு முடிச்சாகத் தெரியுமே, அதுதான் வால்வு. கீழே ஒரு விரலால் அமத்திக்கொண்டு இன்னொரு விரலால் மேல்நோக்கி வழித்துவிட்டால் அந்தத் துண்டு வெறுமையாகவே கிடக்கும், மேலே இருந்து இரத்தம் திரும்பி வராது. கீழ் விரலை எடுத்தவுடன் நிரம்பும். இது ஹார்வி தன் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய சோதனை, நான் இன்றைக்கும் புதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுகிறேன். நாடியிலிருந்து நாளத்துக்கு இரத்தம் கடக்கும் மயிரிழைக் குழாய்களான தந்துகிகளை அவர் கண்டதில்லை, இத்தாலிய வைத்தியர் மல்பிகி 1661 இல் தவளை நுரையீரலில் பார்த்தபோது ஹார்வி செத்து நாலு வருசம்.

கனகராயன்ஆறு:
பார்த்தேன். விளிம்புப் பள்ளம் இல்லை. கோடு தெரிகிறது, ஆனால் அந்தக் கோடே சின்னச் சின்னப் புள்ளியால் ஆனது!

பழையதாள்:
அப்படியென்றால் செப்புத் தகட்டில் நேரே அடித்ததல்ல, செதுக்குப் படத்தைப் புகைப்படம் எடுத்துப் பிறகு புள்ளி புள்ளியாக அச்சடித்தது. விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் வராது. பின்பக்கம் கையெழுத்து ஏதும் இருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள், கறையான் தின்ற மட்டையை மட்டும் மாற்றுங்கள், தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்கட்டும், வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

கனகராயன்ஆறு:
சரி அண்ணா. பின்னால் பென்சிலால் 'முதல் பாடம்' என்று இருக்கிறது, அம்மப்பாவின் எழுத்துத்தான். மாமா இப்போது மண்டையோட்டின் விலையை விசாரிக்கிறார்.