வீட்டிலேயே செஞ்ச சென்டர் ஸ்பீக்கர்: உங்க அனுபவம் எப்படி?

மரத்தூள்:
சென்டர் ஸ்பீக்கர்னா ஹோம் தியேட்டர்ல வசனம் வர்ற நடு ஸ்பீக்கர். மச்சான் வீட்டுக்காக நானும் அவரும் சேர்ந்து ஒண்ணு செஞ்சோம். டிவிக்குக் கீழே படுத்தவாக்குல ஒரு பெட்டி, நடுவுல ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்), ரெண்டு பக்கமும் ஆறரை இன்ச் வூஃபர் (கனத்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்)னு கடைப் பெட்டி மாதிரியே வேணும்னார். எனக்கு அதுல இஷ்டமில்ல. ஒரு வூஃபரோட மையத்துலருந்து இன்னொண்ணோட மையத்துக்கு 30 செ.மீ. இடைவெளி. பக்கவாட்டுல 17 டிகிரி தள்ளி உட்கார்றவருக்கு ஒரு வூஃபரோட சத்தம் எட்டரை செ.மீ. கூடுதலா பயணம் பண்ணி வரும். 2000 ஹெர்ட்ஸுக்கு அது அரை அலைநீளம். ரெண்டு சத்தமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு அழிச்சிடும். சோபா 3 மீட்டர் தள்ளி இருந்தா 17 டிகிரிங்கிறது நடுவுலருந்து மூணே அடி. அத்தை வழக்கமா உட்கார்ற இடம்! வசனத்தோட தெளிவு இருக்குறதும் அந்த 2000 பக்கம்தான். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் டி'அப்போலிட்டோ 1983ல இந்த அமைப்பைச் சொன்னப்ப பெட்டியை நிக்க வெச்சார். படுக்க வெச்சது டிவி ஸ்டாண்டுக்காக.

கடைசியில சமரசம். ஒரு வூஃபருக்குக் கூடுதலா 3 மில்லிஹென்றி காயில் (உயர்ந்த ஒலியைத் தடுக்குற கம்பிச்சுருள்) போட்டு, சுமார் 400 ஹெர்ட்ஸுக்கு மேல அடக்கிட்டோம். இப்ப குரலுக்கு ஒரு வூஃபரும் ட்வீட்டரும்தான். அத்தை சப்டைட்டில் கேக்குறதில்ல.

ஓரசீட்டு:
எங்க வீட்ல ஆசாரியை வெச்சு டிவியை அரையடி ஏத்திட்டேன். இடது, வலதுக்குச் செஞ்ச அதே பெட்டியில மூணாவது ஒண்ணு, நிக்க வெச்சு. படத்துல கார் இடமிருந்து வலம் போனா, நடு ஸ்பீக்கர்ல வர்றப்ப சத்தத்தோட தன்மை மாறுறதே இல்ல. 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை), ஓட்டை இல்லாத மூடின பெட்டி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் சப்வூஃபர் (அடி பேஸுக்குத் தனி ஸ்பீக்கர்) பாத்துக்குது, போர்ட்னு பேஸுக்கு வைக்கிற அந்த ஓட்டை எதுக்கு? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற ரெடிமேட் கிராஸோவர் போர்டு (ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் சத்தத்தைப் பிரிச்சுக் குடுக்குறது) மட்டும் வேண்டாம். நம்ம வூஃபர் எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

மரத்தூள், ரெண்டு 8 ஓம் வூஃபரை பேரலலா இணைச்சா 4 ஓம் ஆச்சே, ஓம் குறைஞ்சா கரண்ட் கூடுமே, ஏவிஆர் (ஸ்பீக்கர்களை ஓட்டுற ஆம்ப்ளிஃபையர்) சூடாகலையா?

மரத்தூள்:
சூடாகுது. மேல வெச்சிருந்த செட்டாப் பாக்ஸைப் பக்கத்துல மாத்திட்டோம், சத்தத்தையும் பாதிக்கு மேல ஏத்துறதில்ல. மறுபடி செஞ்சா ரெண்டு 16 ஓம் வூஃபர் தேடிப் பாப்பேன், அப்ப சேர்த்து 8 ஓம்தான்.