நிறுவனர் விலகிய பிறகும் சங்கம் நடக்க வேண்டும்: எதிலிருந்து தொடங்குவது?

வைகைக்கரை (கேள்வி):
வணக்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம். ஆறு ஊர்களில் இலவச மாலை வகுப்பு, சம்பளத்துக்கு 14 ஆசிரியர்கள், செயற்குழுவில் 9 பேர். தொடக்கத்திலிருந்து நிறுவனர்தான் செயலாளர். வருகிற மார்ச்சோடு பொறுப்பை விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். நன்கொடை யார் தருகிறார்கள், எந்த இடத்துக்கு என்ன வாடகை, எந்த ஆசிரியரை எங்கே போடுவது, எல்லாம் அவர் மனசுக்குள்தான் இருக்கிறது. பொன்னாடை போர்த்தி அனுப்புவது ஒரு நாள் வேலை. அவர் வைத்த தரம் அப்புறமும் நிற்க வேண்டுமே! நடைமுறைக் கையேடு ஒன்று எழுதலாம் என்று இருக்கிறோம். அது சரியான தொடக்கமா?

கணக்குப்பிள்ளை:
கையேடு அப்புறம். முதலில் ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்று பாருங்கள். வருமானவரித் தளம், நெட் பேங்கிங், சங்கத்தின் மின்னஞ்சல், இணையதளப் புதுப்பிப்பு என எல்லாம் பெரும்பாலும் நிறுவனரின் சொந்த எண்ணில்தான் இருக்கும். சங்கத்துக்கென்று தனி சிம் வாங்கி, சாதாரண பட்டன் போனில் போட்டு அலுவலகத்தில் வையுங்கள். ஒவ்வொரு கணக்கையும் அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். சும்மா கிடந்தால் எண் போய்விடும், ரீசார்ஜ் பொறுப்பைப் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் ஆளுக்கு உரியது, பதவிக்கு உரியதல்ல. புதுச் செயலாளர் தன் பேரில் வாங்க வேண்டும். பழைய டோக்கனை (கையொப்பம் பதிந்த யுஎஸ்பி) "ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்வது தப்பு.

வரிசையும் முக்கியம். பொதுக்குழுவில் தேர்தல், நடவடிக்கைக் குறிப்பேட்டில் தீர்மானம், மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 (செயற்குழு மாற்றத்தைத் தெரிவிப்பது), அதன் பிறகு வங்கி, கடைசியில் வருமானவரித் தளம். நேராக வங்கிக்குப் போனால் பதிவாளரிடம் தாக்கல் செய்த நகலைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நடுவில் கணக்கு முடங்கினால் சம்பளம் நின்றுவிடும். அதனால் சம்பளம் போட்ட மறுநாள் வங்கி வேலையைத் தொடங்குங்கள், நாலு வாரம் கையில் இருக்கும்.

காசோலைக்கு மூவரில் இருவர் கையெழுத்து. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தரும் பழக்கம் இருந்தால், அந்த இரண்டாவது கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை.

மணியோசை:
கணக்குப்பிள்ளை சொன்னது சாவிக் கொத்து. அது கை மாறினாலும் முடிவு கை மாறாது. எல்லோரும் ஐயாவுக்கே போன் போடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். "என்ன செய்யட்டும்?" என்று அவரிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் தேதியோடு எழுதுங்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஆசிரியர் விடுப்பு, நோட்டுப் புத்தகம் வாங்குவது, மின்விசிறி ரிப்பேர். அவற்றுக்கு வரம்பு கட்டுங்கள். உதாரணமாக 2,000 ரூபாய் வரை மையப் பொறுப்பாளரே முடிவு செய்யலாம், 10,000 வரை செயலாளரும் பொருளாளரும், அதற்கு மேல் செயற்குழு. உங்கள் வரவுசெலவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

இது கெடுவது ஒரே இடத்தில். பொறுப்பாளர் எடுத்த முடிவை நிறுவனர் ஆசிரியர்கள் முன்னால் ஒரு தடவை மாற்றினால் போதும், மறுநாளிலிருந்து எல்லோரும் மறுபடி அவர் வாசலில். தப்பாகவே இருந்தாலும் முடிவு நிற்கட்டும், பிறகு தனியாகச் சொல்லட்டும்.

அப்புறம் அவரை இரண்டு வாரம் விடுப்பில் அனுப்புங்கள். மே மாதத்தில் அனுப்பினால் பிரயோசனமில்லை, பிள்ளைகள் சேரும் ஜூனில் அனுப்புங்கள். அந்த இரண்டு வாரத்தில் எது எது முட்டி நிற்கிறதோ அதுதான் உங்கள் கையேட்டின் பொருளடக்கம். வேலை செய்பவரே ஒரு பக்கம் எழுதட்டும், அந்த வேலை தெரியாத இன்னொருவர் அதைப் பார்த்துச் செய்யட்டும். எங்கே தடுக்குகிறாரோ அங்கே திருத்துங்கள்.

கீழமாசி:
மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கினார். 2006இல் அவர் மறைந்தார், மருத்துவமனை வளர்ந்துகொண்டே இருக்கிறது. குடும்பத்தார் பொறுப்பில் இருப்பதால்தான் என்பார்கள். எனக்கு அது பாதி விடையாகவே படுகிறது. அறுவை அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை, ஒன்று முடிவதற்குள் அடுத்தவர் தயார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, அறுவைக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளை அவர்களிடம் விடுகிறார்கள். இப்படி வேலையைப் பிரித்துவைத்ததால், தரம் ஒரு பெரியவரின் கைராசியில் மட்டும் தொங்கவில்லை. உங்கள் பாடசாலையில் அந்த மேசை எது? எட்டாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறினால் எத்தனை நாளில், யார் கண்டுபிடிக்கிறார் என்பதுதான்.

வைகைக்கரை:
நன்றி. இரண்டு சந்தேகம். நிறுவனரைக் கௌரவ ஆலோசகராக வைக்கலாமா? அவர் மகனைச் செயலாளராக்கச் சிலர் சொல்கிறார்கள்.

மணியோசை:
ஆலோசகர் சரி, முடியும் தேதியோடு. ஓராண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், கையெழுத்து உரிமை இல்லை. அலுவலகத்தில் அவருக்கென்று நாற்காலி போட வேண்டாம். மனத்தாங்கலோடு வரும் ஆசிரியரிடம் "செயலாளரிடம் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்க வேண்டும். நன்கொடையாளர் வீட்டுக்கு இப்போதிருந்தே புதியவரையும் கூட்டிப் போகட்டும். பணம் வரும் உறவைத் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது.

கணக்குப்பிள்ளை:
மகனுக்குத் தடையில்லை, பொதுக்குழுத் தேர்தலில் நிற்கட்டும். செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் சொன்னாலும், மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. ஒரே ஆள் இருபது ஆண்டு உட்காருவது அதனால்தான். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதே பதவி கூடாது என்று துணைவிதியில் சேருங்கள். அதற்குச் சிறப்புத் தீர்மானமும் பதிவும் வேண்டும். நிறுவனர் இருக்கும்போதே, அவரே முன்மொழிந்தால் எதிர்ப்பு வராது. மார்ச் வரை காத்திருக்காதீர்கள், அடுத்த பொதுக்குழு அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.