பொருள்: ஒற்றைத் தலைவலியைக் கிளப்புவதற்கு என்ன பெயர்?

காட்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பலகையில் "விடுமுறை" என்று எழுதினேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "விடு மட்டும்தான் தெரிகிறது டீச்சர், மீதி இடத்தில் கோணல்மாணலாக வெளிச்சம் ஓடுகிறது" என்றாள். அரைமணி கழித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். பெற்றோருக்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. பட்டினி, தூக்கக்கேடு, வெயில், ஊதுபத்தி வாசனை போன்றவற்றை டிரிக்கர் என்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்லலாம்? "காரணம்" என்று எழுத மனம் வரவில்லை.

குடியாத்தத்திலிருந்து:
காரணம் வேண்டவே வேண்டாம், அம்மா. குறளின் "நோய்முதல்" வேறு, இது வேறு. ஆடிக் கிருத்திகைக்கு விரதமிருந்து வள்ளிமலை ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். தலை வெடிப்பது சிலருக்குத்தான். அந்த இயல்பு பெரும்பாலும் குடும்பவழி வருவது. திரி முன்பே எரிகிறது, பட்டினி அதைத் தூண்டிவிடுகிறது. ஆகவே "தூண்டி". அகல்திரியை ஏற்றும் குச்சி தூண்டுகோல். ஆனால் அச்சொல்லை மேடைகளில் பாராட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். தூண்டிலும் இதே வேர் என்பது என் துணிபு: மீனின் பசி முன்பே இருக்கிறது, இரை அதை அசைக்கிறது.

ஆரணியிலிருந்து:
மீனை விடுங்கள், ஐயா. "ஒற்றை"யே தவறு. இரு பக்கமும் வலிப்பதுண்டு. கிரேக்கர் "அரை மண்டை" என்று வைத்த பெயர்தான் மைக்ரேன் ஆயிற்று. அந்தப் பிழையை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

வாலாஜாவிலிருந்து:
இருபது ஆண்டுகளாக இந்த வலியோடு வாழ்கிறேன். வந்தால் நான்கு மணி நேரமும் உண்டு, மூன்று நாளும் உண்டு. ஜன்னலை மூடி, ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் படுத்திருக்கும்போது, "வெயில் கிளப்பிவிட்டது" என்றுதான் என் தாயார் சொல்வார். "கிளப்பி" என்றே எழுதுங்கள். அகராதி பார்க்கும் நிலையில் நோயாளி இருப்பதில்லை.

குடியாத்தத்திலிருந்து:
"கிளப்பி" பேச்சுக்குச் சரி, கலைச்சொல்லாக நிற்காது. நாளை "தூண்டல்", "தூண்டப்பட்ட" என்று கிளைக்க வேண்டாமா?

காட்பாடியிலிருந்து:
தலைப்பில் "தூண்டிகள்", அதன் கீழே "வலியைக் கிளப்பிவிடுபவை" என்று போட்டுவிட்டேன். வலி வந்த நாளில் சாப்பிட்ட நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் குறித்துவைக்க ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். "ஒற்றைத் தலைவலி" அப்படியே இருக்கிறது. பெற்றோர் அறிந்த பெயர் அது ஒன்றுதான்.

ஆரணியிலிருந்து:
"ஒற்றை"க்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.